கேம்பர் வேன் கூரையில் வளையும் சோலார் பேனல்: பிரிட்டனில் புதிதாக இறங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

பிரிட்டனில் கேம்பர் வேன் வைத்துக்கொண்டு, கூரையில் தாங்களே சோலார் பேனல் பொருத்தலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் வாங்கிய பழைய வேனின் கூரையில், முந்தைய உரிமையாளர் ஒரு வளையும் பேனலைத் தகரத்தின் மேலேயே நேராக ஒட்டி வைத்திருந்தார். தூரத்திலிருந்து பார்த்தால் புதிதுபோல இருந்தது. ஏணி போட்டுக் கிட்டப் போய்ப் பார்த்தபோதுதான் இரண்டு செல்கள் (ஒளியை மின்சாரமாக்கும் சிறு தகடுகள்) சேரும் இடத்தில் பழுப்பாக ஒரு பொட்டும், அதைச் சுற்றி மேல்தாள் கொப்புளம் கட்டி உப்பியிருந்ததும் தெரிந்தன. நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது, மீட்டரில் மட்டும் மின்னோட்டமே இல்லை. அதைப் பிய்த்தெடுத்துப் புதிதாக ஒன்று பொருத்தி முடிப்பதற்குள் காப்பீடு, பசை, வயர் என்று ஒவ்வொன்றிலும் இழுபறி. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வளையும் பேனலின் ஆயுளைத் தீர்மானிப்பது அதன் அடியில் காற்று போகிறதா என்பதுதான். பிராண்டும் விலையும் அதற்குப் பிறகு.

1. உங்களுக்கு வளையும் பேனல்தான் வேண்டுமா?

உயரமான கூரை உள்ள டுகாட்டோ, பாக்ஸர், ரிலே மாதிரி வேன் என்றால் கண்ணாடி பேனலையே வாங்குங்கள். விலை குறைவு, ஆயுள் அதிகம், தாங்கிகளில் உட்காருவதால் அடியில் காற்று தானாகவே போகும்.

வளையும் பேனலுக்கு நியாயமான காரணங்கள் இரண்டு. முதலாவது உயரம். ஃபோக்ஸ்வாகன் டிரான்ஸ்போர்ட்டர் கிட்டத்தட்ட 2 மீட்டர். இங்கே ஊர் மையங்களில் உள்ள பல அடுக்குமாடி கார் நிறுத்தங்களின் தடுப்புக் கம்பி 2 மீட்டரிலோ 2.1 மீட்டரிலோ இருக்கும். கண்ணாடி பேனலும் தாங்கியும் சேர்ந்து இன்னும் 6 முதல் 8 செ.மீ. ஏற்றிவிடும். இரண்டாவது எடை. 100 வாட் வளையும் பேனல் சுமார் 2 கிலோ. கண்ணாடியில் அதே வாட் 6, 7 கிலோவுக்குக் குறையாது. மேலே தூக்கித் திறக்கிற கூரை வைத்த வேன்களுக்கு இந்த வித்தியாசம் முக்கியம். அந்தக் கூரை எவ்வளவு கூடுதல் எடை தாங்கும் என்று அதைச் செய்த நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

2. எத்தனை வாட்?

தெற்கு இங்கிலாந்தில் கூரைமேல் படுக்கையாக இருக்கும் 100 வாட் பேனல், ஜூன் மாதத்தில் ஒரு நாளைக்குச் சராசரியாக 350 முதல் 400 வாட்-மணி கொடுக்கும். டிசம்பரில் 50 வாட்-மணியைத் தாண்டுவதே கஷ்டம். ஸ்காட்லாந்து பக்கம் போனால் குளிர்காலத்தில் இன்னும் குறையும். ஐரோப்பிய ஆணையத்தின் பிவிஜிஐஎஸ் (PVGIS) என்ற இலவசக் கணக்கீட்டுக் கருவியில் உங்கள் ஊரையும், சாய்வு பூஜ்யம் என்பதையும் கொடுத்தால் மாதவாரியாகக் காட்டும்.

12 வோல்ட் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் ஒன்று வெயில் நாளில் 300 முதல் 450 வாட்-மணி வரை இழுக்கும். விளக்கும் கைபேசியும் அதற்கு முன்னால் அற்பம். ஆக, ஃபிரிட்ஜ் இல்லையென்றால் 100 வாட் போதும்; ஃபிரிட்ஜ் இருந்தால் 200 வாட்டுக்குக் குறையாமல் போடுங்கள். குளிர்காலத்தில் பேனலை மட்டும் நம்ப முடியாது. வண்டி ஓடும்போது இன்ஜினிலிருந்து பேட்டரி ஏற்றும் டிசி-டிசி சார்ஜரோ, முகாம் இடத்தில் மின் இணைப்போ வேண்டும்.

3. ஒட்டுவதற்கு முன் காகித வேலை

பலரும் இதை வேலை முடிந்த பிறகு செய்கிறார்கள். தயவுசெய்து முன்னால் செய்யுங்கள்.

காப்பீடு: பேனல் ஒரு மாற்றமாகத்தான் கருதப்படும். சொல்லாமல் விட்டால், நாளைக்கு ஒரு விபத்து நடக்கும்போது இழப்பீட்டைக் குறைக்கவோ மறுக்கவோ அது காரணமாகலாம். தொலைபேசியில் சொன்னது போதாது. என் விஷயத்தில் தொலைபேசியில் ஒருவர் 'பிரச்சினை இல்லை' என்றார். கோப்பில் ஒரு வரிகூட ஏறவில்லை. பிறகு மின்னஞ்சல் அனுப்பியதும் புகைப்படம், எடை, யார் பொருத்துகிறார்கள் என்று வரிசையாகக் கேள்விகள் வந்தன. நீங்கள் முதல் மின்னஞ்சலிலேயே இவ்வளவும் எழுதிவிடுங்கள்: வண்டி எண், பேனலின் வாட், எடை, அளவு, ஒட்டும் முறை, துளையிடுவீர்களா, பொருட்களின் மொத்த மதிப்பு, பொருத்துபவர் நீங்களா பட்டறையா. கூடவே இரண்டு கேள்விகள்: திருட்டுக்கும் புயல் சேதத்துக்கும் பேனல் பாதுகாப்பில் வருமா? கழன்று பறந்து இன்னொரு வண்டியில் விழுந்தால் மூன்றாம் தரப்புப் பாதுகாப்பு உண்டா? பதில் வர ஒரு வாரத்துக்கு மேலாகலாம். நடுவில் மாற்றுவதற்குச் சில நிறுவனங்கள் நிர்வாகக் கட்டணம் வாங்கும். காப்பீடு புதுப்பிக்கும் தேதி பக்கத்தில் இருந்தால் அதையொட்டிச் செய்வது லாபம்.

கடன்: வேன் இன்னும் தவணையில் ஓடுகிறது என்றால் சட்டப்படி அது நிதி நிறுவனத்தின் சொத்து. துளை போடும் முன் அவர்களுடைய எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும்.

உற்பத்தியாளர் உத்தரவாதம்: புதிய வேன் என்றால், கூரையில் துளையிட்டால் துருவுக்கான உத்தரவாதம் என்னாகும் என்று கேளுங்கள். இதையும் எழுத்தில்.

வி5சி (வண்டியின் பதிவுச் சான்று): பேனல் ஒட்டுவதற்காக மட்டும், வண்டிப் பதிவைக் கவனிக்கும் அரசு அலுவலகமான டிவிஎல்ஏவுக்கு எழுத வேண்டியதில்லை. நிறம், இன்ஜின், இருக்கை எண்ணிக்கை, உடல்வகை போன்றவை மாறினால்தான் அறிவிக்க வேண்டும். சாதாரண வேனைப் பதிவில் 'மோட்டார் கேரவன்' ஆக மாற்ற விண்ணப்பிக்கிறீர்கள் என்றால் அது தனி வேலை. பேனல் இருப்பது அதற்கு உதவும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். டிவிஎல்ஏ பார்ப்பது ஜன்னல், கதவு, உயர்கூரை, வெளிப்பந்தல் கம்பி போன்ற வெளித்தோற்றத்தைத்தான்.

எடை: ஏற்கெனவே படுக்கை, தண்ணீர்த் தொட்டி, பேட்டரி எல்லாம் ஏற்றிய வேன் என்றால் பொது எடைமேடையில் ஒருமுறை நிறுத்திச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 1997 ஜனவரி 1 அல்லது அதற்குப் பிறகு கார் ஓட்டுநர் தேர்வில் தேர்ச்சி பெற்றவர்களுக்கு 3,500 கிலோ வரைதான் சாதாரண அனுமதி என்பதை மறக்க வேண்டாம்.

4. வாங்கும்போது ஏமாறாமல் இருக்க

இணையத்தில் 'வளையும் பேனல் 300 வாட்' என்று மிக மலிவான விலையில் கிடைக்கும். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். பேனலுக்கு வாட் மதிப்பு கொடுக்கும் சோதனையில் ஒரு சதுர மீட்டருக்கு விழும் ஒளி 1,000 வாட். நல்ல செல்களின் திறன் 20 முதல் 22 சதவீதம். அப்படியானால் 1.1 மீட்டருக்கு 0.6 மீட்டர் பேனல், அதாவது 0.66 சதுர மீட்டர், 145 வாட்டுக்கு மேல் கொடுக்கவே முடியாது. அதன்மேல் 300 என்று எழுதியிருந்தால் அந்தக் கடையையே விட்டுவிடுங்கள்.

அடுத்தது மேல்தாள். ஈடிஎஃப்ஈ (ETFE, ஒரு வகை பிளாஸ்டிக்) என்று எழுதியிருக்க வேண்டும். விலை குறைந்த பிஇடி (PET) பிளாஸ்டிக் மேல்தாள் வெயிலில் மஞ்சளாகி, இரண்டு மூன்று கோடைகளில் உரியத் தொடங்கும். என் வேனில் இருந்த பழைய பேனல் அந்த வகைதான். விரலால் தடவினால் வித்தியாசம் தெரியும்: ஈடிஎஃப்ஈ லேசாகச் சொரசொரப்பாக, நுண்ணிய மேடுபள்ளத்தோடு இருக்கும், பிஇடி பெரும்பாலும் வழுவழுவென்று இருக்கும்.

உத்தரவாதச் சீட்டை முழுக்கப் படியுங்கள். முழுப்பரப்பும் பசை போட்டு ஒட்டினால் உத்தரவாதம் செல்லாது என்று சிலர் சிறிய எழுத்தில் எழுதியிருப்பார்கள். எத்தனை டிகிரி வரை வளைக்கலாம், குறைந்தபட்ச வளைவு ஆரம் எவ்வளவு என்பதும் அதில்தான் இருக்கும். 'வளையும்' என்பது கூரையின் மெல்லிய வளைவுக்கு மட்டும்தான்.

பணம் கட்டும் விதமும் முக்கியம். ஒரு பொருளின் விலை 100 பவுண்டைத் தாண்டி 30,000 வரை இருந்து, கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், கடைக்காரர் கைவிரித்தாலும் 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்கீழ் கார்டு நிறுவனத்திடம் கேட்கலாம். 95 பவுண்டு பேனலுக்கு அந்த உரிமை கிடையாது. இணையத்தில் வாங்கியது பிடிக்கவில்லையென்றால் கைக்கு வந்ததிலிருந்து 14 நாளுக்குள் ரத்து செய்யலாம். பழுதானதாக இருந்தால் 30 நாளுக்குள் திருப்பி முழுப்பணம் கேட்கலாம். கூரையில் ஒட்டிய பேனலைத் திருப்புவது நடக்காத காரியம்.

அதனால் பெட்டியைப் பிரித்த அன்றே சோதியுங்கள். வெயிலில் புல்தரையில் பேனலை விரித்து, மல்டிமீட்டரில் திறந்த மின்னழுத்தத்தை (எதனோடும் இணைக்காதபோது உள்ளதை) பாருங்கள். பின்பக்கச் சீட்டில் உள்ள எண்ணுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். 100 வாட் பேனலுக்குப் பெரும்பாலும் 20 வோல்ட்டுக்கு மேல் வரும். பிறகு மீட்டரை 10 ஆம்பியர் நிலைக்கு மாற்றிக் குறுக்கு மின்னோட்டத்தையும் (ஷார்ட் சர்க்யூட் கரண்ட்) பாருங்கள். மின்னழுத்தம் சரியாக இருந்தும் மின்னோட்டம் பாதி என்றால் ஏதோ ஒரு செல் போயிருக்கிறது. மீட்டர் திரையோடு சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள்.

5. செலவு

நான் கேட்டு விசாரித்த விலைகள் இவை, இடத்துக்கு இடம் மாறும். நல்ல 100 வாட் ஈடிஎஃப்ஈ பேனல் 90 முதல் 180 பவுண்டு. எம்பிபிடி (MPPT) கண்ட்ரோலர், அதாவது பேனலிலிருந்து பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தை ஒழுங்குபடுத்தும் கருவி, 60 முதல் 80. வயர், எம்சி4 (MC4) எனும் சோலார் வயர் இணைப்பிகள், கூரைத் துளையை மூடி வயரை உள்ளே விடும் நுழைவுப் பெட்டி சேர்த்து 40. ஃபியூஸும் அதன் பெட்டியும் 10. பசை ஒரு குழாய் 12 முதல் 15, இரண்டு வேண்டும். சுத்திகரிப்பானும் பிரைமரும் 25. இடைவெளிக்கான பாலிகார்பனேட் பலகை 15. ஆக ஒரு பேனலுக்கு 265 முதல் 380 பவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டறையில் கொடுத்தால் கூலி தனியாக 200 முதல் 400.

வீட்டுக் கூரை சோலாருக்கு உள்ள பூஜ்ய மதிப்புக் கூட்டு வரிச் சலுகை, விடுமுறைக்கு ஓட்டும் வேனுக்குக் கிடையாது. 20 சதவீதம் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

6. நாள் பார்ப்பது

மே முதல் செப்டம்பர் தொடக்கம் வரை நல்ல காலம். பெரும்பாலான பாலியூரித்தேன் பசைகளுக்கு 5 டிகிரிக்கு மேல் வேண்டும். ஒட்டுநாடா என்றால் 10க்கு மேல். மழையில்லாத இரண்டு நாள் தொடர்ந்து கிடைக்க வேண்டும். உச்சி வெயிலில் வேண்டாம், தகரம் சுடும்போது பசை தேய்ப்பதற்குள் தோல் கட்டிவிடும். காலை பத்து மணிக்குள் சுத்தம் செய்து முடித்து, நிழலில் ஒட்டுவது வசதி.

7. அடியில் காற்று போக வழி

தகரத்தோடு ஒட்டிய பேனல் கோடையில் 65, 70 டிகிரி வரை சூடாகலாம். வாட் மதிப்பு 25 டிகிரிக்குச் சொல்லப்பட்டது. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.35 சதவீதம் போல உற்பத்தி குறையும். 65 டிகிரியில் 14 சதவீதம் போயிற்று. உற்பத்திக் குறைவைவிடப் பெரிய பாதிப்பு, சூடேறி ஆறி, சூடேறி ஆறி, செல்களை இணைக்கும் மெல்லிய பட்டைகளின் பற்று விட்டுப்போவது. அந்த இடம் மேலும் சூடாகி, பழுப்புப் பொட்டாகிறது.

நான் செய்தது: 6 மி.மீ. இரட்டைச் சுவர் பாலிகார்பனேட் பலகையை (பசுமைக்குடில் கூரைக்குப் போடுவார்களே, அதுதான்) பேனலைவிட ஒவ்வொரு பக்கமும் ஒரு விரல் அளவு பெரிதாக வெட்டி, அதன் குழாய்கள் வண்டியின் முன்னிருந்து பின்னாகப் போகும்படி வைத்தேன். இரு முனைகளிலும் காற்று போய் பூச்சி போகாத நுண்துளை நாடாவை ஒட்டினேன். வண்டி ஓடும்போது குழாய்கள் வழியே காற்று போகும். எல்லாப் பசையும் பாலிகார்பனேட்டுக்கு ஒத்துக்கொள்ளாது. சில அதில் நுண்விரிசல் உண்டாக்கும். பசையின் தரவுத்தாளில் அந்தப் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு, துண்டுப் பலகையில் ஒட்டி ஒரு வாரம் விட்டுப் பாருங்கள்.

கூரையில் நீள வரிப்பள்ளங்கள் உள்ள வேன்களில் பலகை மேடுகளின் மேல் பாலம்போல் உட்காரும். பசை மேடுகளில்தான் பிடிக்கும் என்பதால் அங்கே தாராளமாகப் போட வேண்டும்.

8. ஒட்டுவது

முதலில் சோப்புத் தண்ணீர், பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். மெழுகு பூசிய வண்டி என்றால் இரண்டு முறை துடையுங்கள். வெள்ளைத் துணி வெள்ளையாகவே திரும்பி வர வேண்டும். பெயின்ட் உரிந்தோ துரு பிடித்தோ இருந்தால் அதைச் சரிசெய்யாமல் அதன்மேல் ஒட்டாதீர்கள். பசை பிடித்திருக்கும், பெயின்ட் கழன்று வரும்.

பேனலை வைக்கும் இடத்தை நீல நாடாவால் குறித்துக்கொள்ளுங்கள். காற்றோட்ட மூடி, ஆன்டெனா ஆகியவற்றின் நிழல் விழாத இடம் வேண்டும். ஒரு செல்லில் விழும் நிழல்கூட பேனலின் பெரும்பகுதியை முடக்கிவிடும்.

பசையை முன்னிருந்து பின்னாக நீளக் கோடுகளாகப் போடுங்கள், தண்ணீர் தேங்காமல் வடியும். முன் ஓரத்தில் மட்டும் குறுக்கே ஒரு கோடு, ஆனால் பலகைக்குக் கீழே. குழாய் வாய்களை அடைத்துவிடக் கூடாது. நெடுஞ்சாலையில் 70 மைல் வேகத்தில் காற்று முதலில் பிடிப்பது அந்த முன் ஓரத்தைத்தான். பேனலை அழுத்தும்போது உள்ளங்கையை விரித்துப் பரவலாக அழுத்த வேண்டும். முழங்கால், முழங்கை ஊன்றவே கூடாது: செல் உடைந்தால் வெளியே தெரியாது, அடுத்த கோடையில் தெரியும். இரண்டு பேர் இருந்தால் நல்லது.

பாலியூரித்தேன் பசை காற்றின் ஈரத்தால் இறுகுகிறது, ஒரு நாளைக்குச் சுமார் 3 மி.மீ. ஆழம். அதனால் பட்டையாகப் போட்ட கோட்டின் நடுப்பகுதி இறுகச் சில நாளாகும். ஒட்டிய மறுநாளே நெடுஞ்சாலையில் ஏறாதீர்கள். எம்எஸ் பாலிமர், பாலியூரித்தேன் ஆகிய இரண்டு வகைப் பசையும் ஆகும். குளியலறை சிலிகான் ஆகாது. வெறும் இரட்டைப்பக்க நாடாவை மட்டும் நம்பி ஒட்டுவதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

9. வயர் உள்ளே போவது

துளையிடும் முன் உள்ளே கூரைத் துணியைக் கழற்றிப் பாருங்கள். கூரையின் பக்க ஓரங்களில் திரை ஏர்பேக் இருக்கலாம். அதன் பக்கமே போகக் கூடாது. படித்துளை பிட்டால் துளையிட்டு, ஓரத்தைத் தேய்த்து, துருத்தடுப்பு பிரைமர் பூசி, அது காய்ந்த பிறகே நுழைவுப் பெட்டியை ஒட்டுங்கள். வயர் நுழையும் வாய் வண்டியின் பின்புறம் பார்க்க வேண்டும். துளையிட்டபோது சிதறிய இரும்புத் துகளை ஒன்றுவிடாமல் எடுத்துவிடுங்கள், ஒரு மழைக்குள் கூரையெல்லாம் துருப் புள்ளி வைக்கும்.

பேனலிலிருந்து கண்ட்ரோலர் வரை 4 சதுர மி.மீ. சோலார் வயர் ஒரு பேனலுக்குத் தாராளம். கண்ட்ரோலரிலிருந்து பேட்டரிக்கு 6 சதுர மி.மீ., முடிந்தவரை குட்டையாக. விக்ட்ரான் நிறுவனத்தின் 75/15 கண்ட்ரோலர் என்றால் 75 வோல்ட், 15 ஆம்பியர் உச்சம் என்று பொருள்; 12 வோல்ட் பேட்டரியில் சுமார் 220 வாட் வரை பயன்படும். அதற்கு 20 ஆம்பியர் ஃபியூஸ், பேட்டரிக்கு அருகிலேயே. இரண்டு பேனல் இருந்து, ஒன்றில் நிழல் விழ வாய்ப்பிருந்தால் பக்க இணைப்பில் கொடுங்கள்.

இணைக்கும் வரிசையை மாற்றாதீர்கள். பேனல்மேல் கம்பளி போர்த்துங்கள், வெளிச்சம் பட்டால் அது எப்போதும் உயிரோடுதான் இருக்கும். முதலில் பேட்டரியை கண்ட்ரோலரில் கொடுங்கள், அது 12 வோல்ட் என்று அடையாளம் கண்டுகொள்ளும். பேட்டரி வகையைக் கண்ட்ரோலரின் கைபேசிச் செயலியில் தேர்ந்தெடுங்கள். மீட்டரால் பேனல் வயரின் கூட்டல் கழித்தலை உறுதி செய்துவிட்டு, அப்புறம்தான் பேனல். கழற்றும்போது தலைகீழ் வரிசை. லித்தியம் பேட்டரி வைத்திருந்தால், பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் நிறுத்தும் வசதி பேட்டரியிலோ கண்ட்ரோலரிலோ இருக்கிறதா என்று பாருங்கள். ஜனவரி காலையில் வேன் உள்ளேயும் உறைநிலைதான்.

எம்சி4 இணைப்பிகளை மலிவு இடுக்கியால் நசுக்காதீர்கள். அதற்கென்று உள்ள கிரிம்ப் கருவி 20 பவுண்டுக்குக் கிடைக்கிறது. இழுத்துப் பார்த்தால் வரக் கூடாது. ஒரே நிறுவனத்தின் ஆணும் பெண்ணுமாகப் பொருத்துங்கள்.

10. முடித்த பிறகு

முதல் நூறு மைலுக்குப் பிறகு ஒருமுறை நிறுத்தி, முன் ஓரத்தில் நகத்தை விட்டுப் பாருங்கள். நகம் நுழைந்தால் அங்கே மீண்டும் பசை. வேலை முடிந்த படங்கள், ரசீதுகள், பேனலின் வரிசை எண், ஃபியூஸ் அளவு ஆகியவற்றைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பி, 'பதிவு செய்துவிட்டோம்' என்ற பதிலை வாங்கி வண்டிக் கோப்பில் வையுங்கள். விற்கும் நாளில் வாங்குபவரும் இதைத்தான் கேட்பார்.

வசந்தத்தில் ஒருமுறையும் இலையுதிர்காலத்தில் ஒருமுறையும் கழுவுங்கள்: மென்மையான துணி, வெறும் தண்ணீர். அழுத்த நீர்ப்பாய்ச்சி வேண்டாம், ஓரங்களில் புகுந்து மேல்தாளைத் தூக்கிவிடும். செயலியில் ஜூன் மாதத்துத் தெளிந்த நாள் ஒன்றின் உற்பத்தியைக் குறித்து வைத்தால், அடுத்த ஜூனில் ஒப்பிட எண் கையில் இருக்கும். திடீரென மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தால், முதலில் அழுக்கு, பிறகு எம்சி4 இணைப்பி, கடைசியாகச் செல் என்ற வரிசையில் தேடுங்கள்.

பழையது ஒன்றைப் பிய்க்க வேண்டியிருந்தால், மெல்லிய எஃகு வயரின் இரு முனையிலும் மரக்கட்டை கட்டி, இருவர் ஆளுக்கொரு பக்கம் நின்று, பேனலுக்கும் கூரைக்கும் நடுவே அறுப்பதுபோல் இழுங்கள். உளி போட்டு நெம்பினால் பெயின்ட் போய்விடும். உடைந்த பேனலின் ஓரம் கையைக் கிழிக்கும், கையுறை கட்டாயம். அதைக் குப்பைத்தொட்டியில் போடக் கூடாது. மின்கழிவு என்று சொல்லி உங்கள் கவுன்சிலின் மறுசுழற்சி மையத்தில் வாங்குவார்களா என்று முன்கூட்டியே கேட்டுவிட்டு எடுத்துப் போங்கள். சில மையங்களில் வேனோடு உள்ளே போகவே தனி அனுமதிச் சீட்டு பதிவு செய்ய வேண்டும்.